சாருமதி என்று ஒரு நல்ல பெயர்

உட்காருங்கம்மா. பையை என் காலடியில் வைத்துவிடுங்கள், விழாது. நீங்கள் ஆஸ்பத்திரிக்கு அடுத்த ஸ்டாப்பிங்குக்குச் சீட்டு வாங்கியதைப் பார்த்தேன். ஆனால் உங்களுக்கு வேண்டியது ஆஸ்பத்திரி ஸ்டாப்பிங். தப்பாக நினைக்காதீர்கள். இந்த பஸ்ஸில் அங்கே போகிற எல்லோரும் அப்படித்தான். கண்டக்டரிடம் அந்த ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்ல வாய் வராது. ஒரு ஸ்டாப்பிங் தள்ளி இறங்கி, வெயிலில் திரும்பி நடந்து வருவார்கள். எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. நான் அங்கே வேலை பார்த்தவள். பெண்கள் வார்டில் வார்டர். ரிட்டயர் ஆகிவிட்டேன். ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் இந்த பஸ்ஸில் ஏறிவிடுகிறேன்.

பையில் தேங்காய் எண்ணெயா? கண்ணாடி பாட்டில் என்றால் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். பிளாஸ்டிக் என்றால் விடுவார்கள். யாருக்குக் கொண்டுபோகிறீர்கள் என்று கேட்க மாட்டேன். கேட்டால் எல்லோரும் சொந்தக்காரங்க என்பார்கள். பெற்ற தாயும் சொந்தக்காரிதான், கட்டின பெண்டாட்டியும் சொந்தக்காரிதான்.

மேம்பால வேலை நடக்கிறது, பஸ் இப்போது நகராது. ஒரு விஷயம் சொல்கிறேன். கேட்டுவிட்டு, நான் செய்ததில் என்ன தப்பு என்று நீங்களே சொல்லுங்கள். வீட்டில் மகன்களிடம் சொல்ல முடியவில்லை. ஆரம்பித்தாலே, "அம்மா, நீ அந்த ஆஸ்பத்திரிய விட்டு வெளிய வா" என்கிறார்கள். வெளியேதானே இருக்கிறேன்.

போலீஸ்காரர்கள் தெருவிலிருந்து கொண்டுவந்து விடுகிற பெண்களில் பாதிப் பேர் வாய் திறக்க மாட்டார்கள். பெயர் தெரியாது, ஊர் தெரியாது. ஆனால் பெயர் இல்லாமல் சேர்க்க முடியாது. கோர்ட்டு ஆர்டருக்குப் பெயர் வேண்டும். மருந்துக்குப் பெயர் வேண்டும். அதனால், சேர்க்கிற நேரத்தில் டியூட்டியில் இருக்கிற வார்டர் ஒரு பெயரைச் சொல்லிவிடுவாள். அதுதான் பெயர். சட்டத்தில் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். வழக்கம், அவ்வளவுதான்.

எனக்கு முன்னால் இருந்தவர்கள் பிடித்த இடத்தையே பெயராக வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டில் பிடித்தால் பஸ் ஸ்டாண்ட் பார்வதி. மார்க்கெட்டில் பிடித்தால் மார்க்கெட் மேரி. நாய்க்குட்டிக்குக்கூட நாலு பேர் கூடி யோசித்துப் பெயர் வைப்பார்களே. நான் வந்த பிறகுதான் அதை மாற்றினேன். ஹேமலதா, யாமினி, வசந்தமாலை என்று லட்சணமாக வைத்தேன். டாக்டர்களே கேட்பார்கள்: "குணசுந்தரி, இது நீ வெச்ச பேருதானே?" கேட்டதும் தெரிந்துவிடும்.

சாருமதி என்ற பெயரை மட்டும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தேன். எனக்கு மூன்றும் ஆண் பிள்ளைகள். பெண் பிறந்தால் வைக்கலாம் என்று மனதுக்குள் வைத்திருந்த பெயர் அது.

அவளைப் பார்த்ததும் கொடுத்துவிட்டேன். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து கொண்டுவந்தார்கள். சின்ன வயது. ஜாக்கெட் முன்பக்கம் நனைந்து ஈரமாக இருந்தது. வேர்வை என்று நினைத்தேன். பால். பிள்ளை பெற்று அதிக நாள் ஆகியிருக்காது. கையில் பிள்ளை இல்லை. நான்தான் குளிப்பாட்டினேன். நான்தான் முடியை வெட்டினேன். பேன் தொல்லைக்காக அங்கே எல்லோருக்கும் ஒட்ட வெட்டிவிடுவோம். பச்சைக் கவுனை மாட்டி, "சாருமதி" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்த்தாள். பிடித்திருக்கிறது போல என்று சந்தோஷப்பட்டேன்.

சாயங்காலம் கம்பிக் கதவைப் பூட்டுவதற்கு முன்னால் பெயர் கூப்பிட வேண்டும். மற்ற வார்டர்கள் சீட்டைப் பார்த்துப் படிப்பார்கள். எனக்கு எல்லாம் மனப்பாடம். நான் பெயரைச் சொன்னால் அவள் "இருக்கேன்" என்று சொல்ல வேண்டும். எல்லோரும் சொல்லி முடித்தால்தான் சாப்பாட்டு வண்டி உள்ளே வரும். பேசாதவர்களுக்கு மட்டும் தலையைத் தொட்டு எண்ணிக்கொள்வோம். சாருமதியையும் அப்படித்தான் பல மாதம் தொட்டு எண்ணினேன்.

ஒரு நாள் மத்தியானம் மாத்திரை கொடுத்துக்கொண்டிருக்கிறேன். மாத்திரையை வாங்கிக்கொண்டு, நேற்றுவரை பேசிக்கொண்டிருந்தவள் போலச் சாதாரணமாகச் சொல்கிறாள்: "எக்கா, எம் பேரு வெள்ளத்தாயி."

"எக்கா இல்ல. இங்க அம்மான்னு கூப்பிடணும்."

"சரிங்க எக்கா. எட்டயபுரத்துக்குப் பக்கத்துல எங்க ஊரு. எம் பிள்ள எங்கண்ணன் வீட்டுல கெடக்கு. பொட்டப்பிள்ள. இன்னும் பேரு வைக்கல."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். வாய் திறந்துவிட்டாளே. "பேச்சு வந்துடுச்சு, நல்லதாப் போச்சு. மாத்திரையப் போடு, சாருமதி."

"அது யாரு?"

"நீதான். ஆர்டர்ல அப்படித்தான் இருக்கு. இங்க இருக்கிற வரைக்கும் சாருமதி. வெளிய போயி என்ன பேரு வேணா வெச்சுக்க."

அவள் மாத்திரையைப் போடவில்லை. "வெச்சுக்கிட என்ன இருக்கு? வெச்ச பேருதான. எம் பிள்ள என்னியத் தேடி வரும்லா? வந்தா, வெள்ளத்தாயி இருக்காளான்னுதான கேக்கும்? கேட்டுல நிக்கவங்க என்ன சொல்லுவாக? அப்பிடி ஒருத்தி இல்லன்னுதான சொல்லுவாக?"

யோசித்துப் பார்த்தால் அவள் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நான் இல்லை என்று சொல்லவில்லை. சின்ன டாக்டர் அருள்தாஸ் என்று ஒருவர் இருந்தார், அவரிடம் நானே கூட்டிக்கொண்டு போனேன். அவர் எல்லாவற்றையும் கேட்டு, அண்ணன் வீட்டுக்குத் தகவல் அனுப்பச் சொல்லி ஆபீஸுக்குச் சொன்னார். ஆபீஸில் அனுப்பினார்கள். சாருமதி என்ற பெண் உங்களுக்கு உறவா என்று கேட்டு அனுப்பினார்கள். அப்படி எங்கள் குடும்பத்தில் யாரும் இல்லை என்று பதில் வந்தது. ஆபீஸைக் குறை சொல்ல முடியாதும்மா. ஆர்டரில் என்ன பெயர் இருக்கிறதோ அதைத்தானே அவர்கள் கேட்க முடியும்.

ஆர்டரில் பெயரை மாற்றக் கோர்ட்டில் மனு போடலாம் என்று சின்ன டாக்டர் சொன்னார். பெரிய டாக்டர் ஒத்துக்கொள்ளவில்லை. "ஒருத்திக்கு மாத்தினா நாளைக்கு வார்டே வந்து நிக்கும்" என்றார். அவர் சொன்னதும் நியாயம்தான்.

அன்றைக்குச் சாயங்காலம் சாருமதி என்று கூப்பிட்டேன். பதில் இல்லை. என்னைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். முறைப்பு எல்லாம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரியை யாரோ கூப்பிடுகிறார்கள் என்கிற மாதிரி ஒரு பார்வை. தலையைத் தொட்டு எண்ணிக்கொள்ளலாம் என்று போனேன். தலையை நகர்த்திக்கொண்டாள். "பேசத் தெரிஞ்சவள எதுக்குக்கா தொட்டு எண்ணுதீக? வெள்ளத்தாயின்னு கூப்பிடுங்க. இருக்கேன்னு சொல்லுதேன்."

நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? எத்தனை வருட வழக்கம். அதுவும், அந்தப் பெயர் எங்கே, இந்தப் பெயர் எங்கே. நானாக இருந்தால் சாருமதி கிடைத்ததே என்று வைத்துக்கொண்டிருப்பேன்.

சாப்பாட்டு வண்டியைக் கொஞ்ச நேரம் வாசலிலேயே நிறுத்தினேன். பசித்தால் எல்லோரும் அவளைத் திட்டுவார்கள், தானாக வழிக்கு வருவாள். அங்கே இது எப்போதும் பலிக்கும். ஆனால் அன்றைக்கு, பஸ் ஸ்டாண்ட் பார்வதி இருக்கிறாளே, வயசானவள், என் சர்வீஸுக்கு முன்னாலேயே வந்தவள், அவள் சுவரோரத்திலிருந்து சொன்னாள்: "எனக்கும் வேற பேரு இருந்துச்சு."

"என்ன பேரு?" என்றேன், கிண்டலாக.

"ஞாபகம் இல்ல. வந்ததும் சொல்றேன். அதுவரைக்கும் என்னைய எந்தப் பேரும் சொல்லிக் கூப்பிடாதீங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வேறு யாரும் சிரிக்கவில்லை.

மறுநாள் பெயர் கூப்பிட்டேன். பார்வதி சொல்லவில்லை. மார்க்கெட் மேரி சொல்லவில்லை. ஹேமலதா, யாமினி, நான் பெயர் வைத்த ஒருத்திகூடச் சொல்லவில்லை. சரி, அவர்களை விடுங்கள். வீட்டில் வைத்த பெயரோடு, புருஷன் கொண்டுவந்து விட்டுப்போன பெண்கள், அவர்களுக்கு என்ன வந்தது? அவர்களும் வாயை மூடிக்கொண்டார்கள்.

அந்த வார்டை நீங்கள் பார்த்ததில்லை. ஒரு நிமிஷம் சும்மா இருக்காது. ஒருத்தி பாடுவாள், ஒருத்தி மாமியாரைத் திட்டுவாள், ஒருத்தி பகலெல்லாம் கோழியை விரட்டுவாள். காதுக்குள்ளே யாரோ பேசுகிறார்கள் என்று பதில் சொல்லிக்கொண்டே இருப்பவர்கள் எத்தனை பேர். அந்தப் பதில்கூட நின்றுவிட்டது. எல்லோரும் சுவரோரமாக உட்கார்ந்து என்னைப் பார்க்கிறார்கள். நான் ஒவ்வொரு பெயராகச் சொல்லிக்கொண்டே போகிறேன். சொல்லச் சொல்ல என் குரல் எனக்கே வேறு யாருடையது போலக் கேட்கிறது. கடைசிப் பெயர் வரைக்கும் சொல்லி முடித்தேன். வண்டியில் சாம்பார் ஆறிப்போய் ஏடு படிந்துவிட்டது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அடித்தால் பரவாயில்லை. கடித்தவர்கள் உண்டு, இதோ பாருங்கள் கையில் தழும்பு. அதற்கெல்லாம் நான் பயந்ததில்லை. அந்த நிசப்தம்தான். இப்போதும் வீட்டில் டிவியை அணைக்க விடமாட்டேன். மருமகள் திட்டுவாள். பட்டப்பகலில் சமையலறையில் நிற்கும்போது திடீரென்று ஒரு சத்தமும் இல்லாமல் போகும் பாருங்கள், மிக்ஸி நின்று, குழாய் நின்று. அப்போது முதுகுப் பக்கம் அவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருக்கும். நான் திரும்பிப் பார்ப்பதில்லை. கரண்டியைக் கீழே போடுவேன்.

எங்கே விட்டேன்? ஆமாம். பெரிய டாக்டருக்குத் தகவல் போனது. "எல்லாத்துக்கும் யாரு காரணமோ அவளத் தனியாப் பிரி" என்றார். தனி அறைக்கு மாற்றினோம். செல் என்போம். அறைதான், ஒரு ஜன்னல் உண்டு. உயரத்தில்தான். கதவில் கம்பியும் உண்டு. சின்ன டாக்டர் வருத்தப்பட்டார். கொஞ்ச நாளில் அவருக்கு வேறு ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது.

மற்றவர்களைப் பட்டினி போட முடியாது இல்லையா? பெயர் கூப்பிடாமலேயே வண்டியை உள்ளே விட்டேன். யாரும் தொடவில்லை. அவள் வராமல் சாப்பிட மாட்டார்களாம். பார்வதிக்கு மயக்கம் வந்தது. அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. நான் வார்டில் போய், "சாருமதி இருக்கேன்னு சொல்லிட்டா. அவ சாப்பிட்டா. நீங்க எதுக்குக் காயறீங்க?" என்றேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார்கள். பிறகு மார்க்கெட் மேரி எழுந்து வந்து தட்டை நீட்டினாள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். சாப்பிடும்போதும் சத்தமே இல்லை.

அதன் பிறகு செல்லுக்குப் போனேன். "உன்னால வார்டே பட்டினி. பார்வதி மயக்கம் போட்டு விழுந்துட்டா. வயசானவ, தாங்குவாளா?" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது. விழுந்தது உண்மைதானே.

கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். "யாருமே சாப்பிடலயா?"

"நீ பதில் சொன்னா சாப்பிடுவாங்க."

"வெள்ளத்தாயின்னு ஒரே ஒரு தடவ கூப்பிட்டுட்டு, பெறகு அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிடுங்களேன் எக்கா. ரெண்டுக்கும் சொல்லுதேன்."

"சாருமதி," என்றேன்.

வெகுநேரம் நின்றாள். எனக்குக் கால் வலித்தது. பிறகு, "இருக்கேன்மா" என்றாள். எக்கா இல்லை. அம்மா. பார்த்தீர்களா, எல்லாம் பழக்கம்தான்.

அதற்குப் பிறகு ஒரு தொந்தரவும் இல்லை. நான் "சாரு" என்று ஆரம்பிக்கும்போதே இருக்கேன்மா என்பாள். வார்டிலேயே தங்கமான பேஷண்ட். நான் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துப் பேச்சைத் திருத்தினேன். அவுக இவுக எல்லாம் போய், எங்களை மாதிரி சுத்தமாகப் பேசினாள். பேசினாள் என்றால், கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். வருஷங்கள் ஓடின. பார்வதி போய்ச் சேர்ந்தாள், பெயர் ஞாபகம் வராமலே. பழையவர்கள் ஒவ்வொருத்தராகப் போனார்கள். புதியவர்கள் வந்தார்கள். அந்த விஷயம் தெரிந்தவர்கள் என்று நானும் அவளும்தான் மிச்சம்.

நான் ரிட்டயர் ஆகிற வருஷம். ஆபீஸ் பக்கம் போயிருந்தேன். ஜன்னலில் ஒரு பெண் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறது: "வெள்ளத்தாயின்னு யாராவது இருக்காங்களா?" உள்ளேயிருந்து கிளார்க், "அப்படி யாரும் இல்லம்மா" என்கிறார். அந்தப் பெண் போகத் திரும்பியது. பக்கத்தில் கொஞ்சம் வயசான அம்மா ஒருத்தி, அத்தையாம்.

நான் பேசாமல் போயிருக்கலாம் இல்லையா? போகவில்லை. அதை நீங்கள் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். "தெற்கத்திப் பக்கத்துப் பொண்ணு ஒண்ணு இருக்கு, வந்து பாருங்க" என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். போகிற வழியில் அந்த அத்தை புலம்பிக்கொண்டே வந்தாள். "எல்லா ஆஸ்பத்திரியும் ஏறி எறங்கியாச்சும்மா. தை பொறந்தா இவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ள வீட்டுல தாயி செத்துட்டான்னுதான் சொல்லியிருக்கோம். பைத்தியமாகி ஓடிட்டான்னு சொன்னா யாரு எடுப்பா? இவ கேக்க மாட்டேங்கா. ஒரு தடவ தேடிப் பாத்துருவோம்னு ஒத்தக்கால்ல நிக்கா."

இதைச் சொல்லிக்கொண்டே வந்தவள், கம்பிக் கதவுக்கு முன்னால் வந்தும் நிறுத்தவில்லை. உள்ளே சாருமதி வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். கேட்டிருப்பாள். நிமிர்ந்தாள்.

அந்தப் பெண் ஒரு பழைய போட்டோவை வைத்துக்கொண்டு போட்டோவையும் அவளையும் மாறி மாறிப் பார்க்கிறது. போட்டோவில் நீளமான ஜடை. இங்கே நரைத்து ஒட்ட வெட்டின தலை. என்ன தெரியும்? "எங்கம்மாவத் தேடி வந்திருக்கேன்" என்றது. "பேரு வெள்ளத்தாயி. எம் பேரும் அதுதான். அம்மா செத்துப்போச்சுன்னு நெனச்சு அதோட பேர எனக்கு வச்சிட்டாங்க."

சாருமதி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கையைக் கவுனில் துடைத்துக்கொண்டாள். கதவுக்குக் கிட்டே வந்து அந்தப் பெண்ணைத் தலையிலிருந்து கால் வரைக்கும் பார்த்தாள். அவ்வளவு நேரம் அவள் எதையும் பார்த்து நான் கண்டதில்லை.

"நல்ல பேரும்மா" என்றாள். "எம் பேரு சாருமதி."

சுத்தமாகச் சொன்னாள், நான் சொல்லிக்கொடுத்த மாதிரி. அத்தைக்காரி, "மூக்கு அவ மூக்கு மாதிரிதான் இருக்கு. ஆனா எங்க வெள்ளத்தாயி பேசினா ஊருப் பேச்சுல்லா வரும். இது மெட்ராஸ்காரம்மா" என்றாள். அந்தப் பெண் என்னைப் பார்த்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று நினைத்தது போல.

நான் என்ன சொல்வதும்மா? ஆர்டரில் சாருமதி. அவளும் சாருமதி என்கிறாள். நடுவில் நான் ஒருத்தி எழுந்து இல்லை என்று சொன்னால், அப்போ இத்தனை வருஷம் நீ என்ன செய்தாய் என்று கேட்க மாட்டார்களா? அவளுக்கு இஷ்டம் இருந்தால் அவளே சொல்லியிருப்பாளே. அந்தப் பெயருக்காக அப்படிச் சண்டை போட்டவள். பெற்ற மகள் நேரில் வந்து நிற்கும்போது எதற்கு விட்டுக்கொடுத்தாள்? எனக்கு அதுதான் இன்றுவரை விளங்கவில்லை. பைத்தியம்தானே, வேறென்ன என்று விட்டுவிடலாம். விட முடியவில்லை.

அவர்கள் போய்விட்டார்கள். அந்தப் பெண் மட்டும் கேட் வரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு போனது. இவள் துடைப்பத்தை எடுத்து, விட்ட இடத்திலிருந்து பெருக்கினாள்.

அன்று சாயங்காலம், "சாருமதி" என்றேன். பதில் இல்லை. இன்னொரு தடவை சொன்னேன். பழைய மாதிரி ஒரு பார்வை, பக்கத்து வீட்டுக்காரியைக் கூப்பிடுகிறார்கள் என்கிற பார்வை. ரிட்டயர் ஆகப் போகிற நேரத்தில் செல்லில் போட எனக்கு மனசு வரவில்லை. தலையைத் தொட்டு எண்ணினேன். இந்தத் தடவை தலையை நகர்த்தவில்லை. அன்றிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை இல்லை. டாக்டர்கள் மருந்தை மாற்றிப் பார்த்தார்கள். ஒன்றும் பலிக்கவில்லை.

அதற்குத்தான் வாரா வாரம் போகிறேன். பழைய ஆள் என்று உள்ளே விடுவார்கள். கம்பிக்கு வெளியே நின்று, "வெள்ளத்தாயி" என்று கூப்பிடுகிறேன். அவள் கேட்டதுதானே? ஒரே ஒரு தடவை என்று கெஞ்சினாளே, நான் எத்தனை தடவை கூப்பிட்டுவிட்டேன் தெரியுமா? திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவர்களை எப்படித்தான் திருப்திப்படுத்துவது? ஒரு பெயரைச் சொன்னாலும் கோபம், இன்னொரு பெயரைச் சொன்னாலும் கோபம்.

பஸ் நகர்ந்துவிட்டது பாருங்கள். அந்தப் பெட்ரோல் பங்க் தாண்டினால் ஆஸ்பத்திரி. அங்கேயே இறங்கிவிடலாம், என்னோடு வாருங்கள், யாரும் ஒன்றும் நினைக்க மாட்டார்கள். ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். நீங்கள் சீட்டு வாங்கும்போது பேசினதைக் கேட்டேன், உங்களுக்கும் தெற்கத்திப் பேச்சு. சின்ன வயதுக் குரல். போகிற வழியில்தான் அந்த வார்டு. கதவுகிட்ட நின்று நீங்கள் ஒரு தடவை வெள்ளத்தாயி என்று கூப்பிட்டுப் பாருங்கள். நான் கிட்டே வரமாட்டேன். மரத்தடியில் நின்றுகொள்கிறேன், அவள் கண்ணில் படாமல்.

இருக்கேன் என்று அவள் சொன்னால் வந்து என்னிடம் சொல்லுங்கள். சொல்லாவிட்டாலும், சொன்னாள் என்றே வந்து சொல்லிவிடுங்கள்.